கிளம்பும் முன் கேளுங்கள்: 122 சென்டிமீட்டரும் இருபதாயிரம் ரூபாயும்

ரயில் முன்பதிவுக் கவுன்டரில் 31 ஆண்டுகள் உட்கார்ந்து, வரிசையை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, மகள் சிங்கப்பூரில் இருக்கும் புண்ணியத்தில், வரிசையின் இந்தப் பக்கமும் பழகிவிட்டது. கோடை விடுமுறை நெருங்குவதால் இம்மாதம் வந்த கடிதங்களில் பாதி, பொழுதுபோக்குப் பூங்காக்களைப் பற்றியவை.

கேள்வி: ஐயா, மே மாதம் சிங்கப்பூர் போகிறோம். நான், கணவர், 11 வயது மகள், 6 வயது மகன், 68 வயது மாமியார். யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். வரிசையில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்காவிட்டால் நான்கு விளையாட்டு கூடப் பார்க்க முடியாது என்று பயண ஏஜென்ட் சொல்கிறார். மாமியார் நீங்கலாக நான்கு பேருக்கு இருபதாயிரம் ரூபாய் கூடுதலாகும். கணவருக்கு நடுத்தரச் சம்பளம். வாங்கத்தான் வேண்டுமா?
*– ஒரு வாசகி, திண்டுக்கல்*

பதில்: அம்மா, ஏஜென்ட்டுக்குப் பதில் சொல்லும் முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளைகள் இருவரையும் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, உயரத்தைப் பென்சிலால் குறியுங்கள். செருப்பு இல்லாமல், ஏமாற்று இல்லாமல்.

ஏன் என்று சொல்கிறேன். அங்கே பல விளையாட்டுகளுக்கு உயர வரம்பு உண்டு. பறக்கும் நாற்காலி போன்ற கேனபி ஃப்ளையருக்கு 92 சென்டிமீட்டர், பூனைச் சாகசமான புஸ் இன் பூட்ஸுக்கு 100, ரோபோ சண்டையான டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, டைனோசர் ஆற்றில் வட்டப் படகில் போகும் ராப்பிட்ஸுக்கு 107, இருட்டில் ஓடும் மம்மி ரயிலுக்கு 122, எதிரெதிரே பாயும் இரட்டை ரோலர் கோஸ்டருக்கு 125. நம் ஊர் 6 வயதுப் பையன் பெரும்பாலும் 110, 115 என்று நிற்பான். அப்படியானால் கடைசி இரண்டும் அவனுக்குக் கிடையாது. மாமியாரும் அந்த இரண்டில் ஏறப் போவதில்லை. பையனோடு யாராவது ஒருவர் கீழே நின்றாக வேண்டும். ஏறவே முடியாத விளையாட்டுக்கு எதற்கு அம்மா பாஸ்?

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் தடவை போனபோது பேரனுக்கும் சேர்த்துப் பாஸ் வாங்கிவிட்டேன். மம்மி ரயில் வாசலில் அளவுகோலின் கீழே நின்றான், 120. இரண்டு சென்டிமீட்டர் குறைந்ததற்கு அவன் அழுத அழுகையில், அந்த எகிப்துச் சிலைகளே இரங்கியிருக்கும். தவறு முழுக்க என்னுடையது. ஆயிரக்கணக்கான பயணிகளுக்குப் படிவத்தில் வயதைச் சரிபார்த்தவன், சொந்தப் பேரனின் உயரத்தைப் பார்க்கவில்லை. இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது: சாதாரண எக்ஸ்பிரஸ் பாஸ் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரே ஒரு தடவைதான். எத்தனை முறையும் போகலாம் என்கிற பாஸ் வேறு, விலையும் வேறு.

இருபதாயிரத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் நாளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். நமக்கு மே மாதம் விடுமுறை. சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு அப்போது பள்ளி நடக்கும். அவர்களின் அரையாண்டு விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க ஓடும். மே முதல் வாரத்தில் சீனர்களுக்கும் ஜப்பானியருக்கும் தொடர் விடுமுறை. ஆக, மே இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில் செவ்வாய், புதன், வியாழனில் ஒன்று. புத்தர் திருநாளான வெசாக் விடுமுறையும் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும்; அது உங்கள் நாளின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். அந்த இரண்டு நாட்களில் மெரினாவுக்குப் போவதும் அங்கே போவதும் ஒன்று.

அடுத்தது நேரம். பூங்கா பெரும்பாலும் காலை 10 மணிக்குத் திறக்கும். நீங்கள் 9.15-க்கு வாசலில் நிற்க வேண்டும். லிட்டில் இந்தியாவில் தங்கினால் இது மிக எளிது. ஊதா நிற ரயில் பாதையில் ஏறினால் மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட் கடைசி நிலையம், ஏறக்குறைய கால் மணி நேரம். மேலே விவோசிட்டி கடைத்தொகுதி. மூன்றாம் தளத்திலிருந்து, பூங்கா இருக்கும் செந்தோசா தீவுக்கு மோனோரயில் போகும். ஆளுக்கு 4 வெள்ளி. (டாலரை அங்குள்ள தமிழர் வெள்ளி என்பார்கள், மகள் வீட்டில் எனக்கும் ஒட்டிக்கொண்டது.) காசு கொடுக்காமல் போகவும் வழி உண்டு: கடல் மேல் கூரை போட்ட நடைபாலம், நகரும் நடைபாதையோடு. காலையில் நடந்து போங்கள். மாலையில் கால் ஓய்ந்த பிறகு மோனோரயிலில் திரும்புங்கள். தீவிலிருந்து வெளியே வருவதற்குக் கட்டணம் கிடையாது. மாமியாரை மட்டும் காலையிலும் ரயிலில் அனுப்புங்கள், துணைக்கு உங்கள் கணவர் போகட்டும். அவருடைய அம்மா.

உள்ளே போனதும் எல்லோரும் ஹாலிவுட் வீதியில் நின்று படம் எடுப்பார்கள். மறுபக்கம் மினியன் என்கிற மஞ்சள் கார்ட்டூன் குட்டிகளின் பகுதி இழுக்கும். 2025 பிப்ரவரியில் திறந்தது, புதிது என்பதால் கூட்டமும் அதிகம். இரண்டையும் பார்க்காதது போல நியூயார்க் பகுதியைக் கடந்து நேரே டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்குப் போய்விடுங்கள். முதல் ஆளாக ஏறி இறங்கினால் அரை நாள் கவலை தீர்ந்தது. அடுத்து கேனபி ஃப்ளையர். இங்கேதான் என் கவுன்டர் அனுபவம் உதவும். வரிசையின் நீளத்தைப் பார்க்காதீர்கள், கவுன்டரின் கையைப் பாருங்கள். நாற்பது பேர் நிற்கும் வரிசை பத்து நிமிடத்தில் கரையும். பன்னிரண்டு பேர் நிற்கும் வரிசை அரை மணி நேரம் அசையாது, எழுத்தர் மெதுவான ஆளாக இருந்தால். கேனபி ஃப்ளையரில் ஒரு தடவைக்குச் சிலர்தான் ஏற முடியும். வரிசை குட்டையாகத் தெரியும், நகரவே நகராது. அதனால் காலையிலேயே முடித்துவிடுங்கள். பக்கத்திலேயே ராப்பிட்ஸ்.

ராப்பிட்ஸில் நனைவீர்கள் என்று சொன்னால் போதாது. துவைத்துப் பிழிந்து அனுப்புவார்கள். மழைக்கோட்டு அங்கேயும் விற்பார்கள். நம் ஊர் பஸ் நிலையத்தில் பிளாஸ்டிக் பையில் மடித்து விற்கிறார்களே, அதில் ஐந்து வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பையனுக்கு மாற்று உடை.

பன்னிரண்டு மணிக்கு மேல் வரிசைகள் நீளும், வெயிலும் ஏறும். அந்த நேரத்தில் நிற்காதீர்கள், உட்காருங்கள். வாட்டர்வேர்ல்டு என்று சண்டைக்காட்சி ஒன்று, பெரிய அரங்கத்தில். மாமியார் ரசிப்பார். முன் இருக்கைகளில் தண்ணீர் அடிப்பார்கள், மேல் வரிசையில் உட்கார வையுங்கள். மதியத்துக்கு மேல் மழையோடு இடி இடித்தால் திறந்தவெளி விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். பாஸ் வைத்திருப்பவருக்கும் இடி இடிதான். அப்போது கூரைக்குக் கீழே இருப்பவற்றுக்குப் போங்கள்: மகளும் கணவரும் மம்மி ரயிலுக்கு, நீங்களும் பையனும் மாமியாரும் நியூயார்க் பகுதியில் செசமி ஸ்ட்ரீட் வண்டிக்கு. அது மெல்லப் போகும், பாட்டியும் ஏறலாம். மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கூட்டம் இளகும். கைக்குழந்தைக்காரர்கள் கிளம்பியிருப்பார்கள். காலையில் விட்டதை அப்போது பிடியுங்கள்.

இப்படிப் போனால் எட்டு, ஒன்பது பார்க்கலாம். எல்லாவற்றையும் பார்க்க முடியாது. பாஸ் வாங்கினாலும் உங்கள் பையனுக்கு எல்லாம் கிடையாது என்பதை மறக்காதீர்கள்.

மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டிக்கெட் வாங்குங்கள். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலும், 1947-இல் தொடங்கிய கோமள விலாஸும் இருக்கும்போது, எல்லாப் பாட்டிகளும் டைனோசரைத் தேடி வருவதில்லை. என் மனைவி வரவில்லை. அன்று மாலை எங்கள் எல்லோரையும் விடத் தெளிவாக இருந்தவர் அவர்தான்.

கேள்வி: தனியாள் வரிசை என்று ஒன்று இருக்கிறதாமே? பாஸ் இல்லாமலே சீக்கிரம் போகலாமா?
*– கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

பதில்: இருக்கிறது தம்பி. வண்டியில் ஒற்றை இருக்கை காலியாக இருந்தால், அதை நிரப்புவதற்குத் தனி வரிசை. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, இரட்டை ரோலர் கோஸ்டர் ஆகியவற்றில் பயன்படுத்தியிருக்கிறேன். ரயிலில் குடும்பமாக நான்கு பெர்த் கேட்பவர் காத்திருக்க, ஒற்றை ஆளுக்கு எங்கேயாவது ஓர் மூலையில் இடம் கிடைத்துவிடும் அல்லவா, அதே கணக்கு. ஆனால் நண்பனோடு அடுத்தடுத்து உட்கார முடியாது. அலறுவதைத் தனியாக அலற வேண்டும். ஐந்து பேர் ஒன்றாகப் போய்விட்டு ‘எங்களைச் சேர்த்து உட்கார வையுங்கள்’ என்று அந்த வரிசையில் நின்று கெஞ்சாதீர்கள். எழுத்தர்களுக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கவே பிடிக்காது.

கேள்வி: புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாமா?
*– குடும்பத் தலைவி, கும்பகோணம்*

பதில்: பூங்காவுக்குள் வெளி உணவு கூடாது; குழந்தை உணவுக்கு மட்டும் விலக்கு. புளிசாதத்தை விடுதியில் காலை ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பகல் ஒன்றரை வரை தாங்கும். காலிப் பாட்டில்கள் மட்டும் எடுத்துப் போங்கள். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். உள்ளே பிடித்துக்கொள்ள வசதி இருக்கிறது. ஐந்து பேர் வெயிலில் நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கினால், அந்தப் பணத்தில் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும்.

கேள்வி: சிங்கப்பூர் எல்லாம் எங்களுக்கு எட்டாது. பெங்களூரு வொண்டர்லாவுக்காவது பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆசை. அங்கேயும் இப்படிப் பாஸ் உண்டா?
*– தையற்கடை வைத்திருப்பவர், கரூர்*

பதில்: ‘ஆவது’ என்று சொல்லாதீர்கள். 2005 முதல் இயங்கும் நல்ல பூங்கா. விரைவு வரிசை டிக்கெட் அங்கேயும் உண்டு. வார நாளில் போனால் தேவைப்படாது. குழந்தை டிக்கெட்டை உயரம் வைத்துத்தான் பிரிக்கிறார்கள், ஆகவே பென்சில் குறி உங்களுக்கும் உண்டு. திருச்சி, கரூர், ஈரோடு, சேலம் வழியாக மைசூரு போகும் இரவு ரயிலில் ஏறினால் ஒரு நாள் விடுதி வாடகை மிச்சம். பெங்களூருவில் இறங்கி, மெட்ரோவில் சல்லகட்டா வரை போய், அங்கிருந்து பிடதி வழியில் பஸ் பிடியுங்கள். தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் உடைதான் அனுமதி. ஜீன்ஸ், பருத்தி, புடவை எதுவும் கூடாது. அங்கேயே வாங்கினால் விலை கூடும். நீங்கள் தையற்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

கேள்வி: பணம் இருப்பவன் முந்திப் போவதும், இல்லாதவன் பிள்ளையோடு வெயிலில் நிற்பதும் நியாயமா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்*

பதில்: நியாயம் இல்லை. ஆனால் நமக்குப் புதிதும் இல்லை. திருமலையில் 300 ரூபாய்த் தரிசனத்தில் போகிறவர், பக்கத்துக் கூண்டில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்காதது போலத்தான் நடந்து போகிறார். 1997-இல் தட்கல் வந்தபோது நான் கவுன்டரில் இருந்தேன். கூடுதல் பணம் வாங்கியதால் ரயிலில் ஒரு பெர்த் கூட முளைக்கவில்லை; இருந்ததில் கொஞ்சம் எடுத்துத் தனியே வைத்தோம், அவ்வளவுதான். பூங்காவிலும் அதேதான். பாஸ் விற்றதால் வண்டி வேகமாக ஓடாது. நூறு பேர் முந்தினால், பின்னால் நிற்கும் நூறு பேரின் நேரம் அவர்களுக்குப் போகிறது. டிஸ்னி 1999-இல் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது அது எல்லோருக்கும் இலவசம். 2021-இல் அதை எடுத்துவிட்டுக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள். கோபம் வந்தால் வாருங்கள், சேர்ந்து பெருமூச்சு விடுவோம். என் கோபம் 9.15 மணிக்கு வாசலில் நின்றபோது பாதி குறைந்தது, 10.20-க்கு டிரான்ஸ்ஃபார்மர்ஸிலிருந்து இறங்கியபோது, பாஸோடு அப்போதுதான் உள்ளே வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்து மீதியும் போய்விட்டது. அற்பத்தனம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: தாத்தா, என் உயரம் 124 சென்டிமீட்டர். இரட்டை ரோலர் கோஸ்டருக்கு 125 வேண்டும். நாங்கள் அடுத்த மாதம் போகிறோம். ஏதாவது வழி சொல்லுங்கள்.
*– நான்காம் வகுப்பு மாணவி, ராஜபாளையம்*

பதில்: கண்ணு, ஒரு மாதத்தில் ஒரு சென்டிமீட்டர் வளர்வது கொஞ்சம் கஷ்டம். கொண்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைக்காதே. அளவுகோல் முடியை அழுத்திவிடும், என் பேரன் முயன்று பார்த்துவிட்டான். ஆனால் ஒரு ரகசியம் சொல்கிறேன். இரவு படுத்துத் தூங்கும்போது முதுகெலும்பு நிமிர்ந்து கொள்ளும். பகலெல்லாம் நடந்து, நின்று அமுங்கிப் போகும். அதனால் காலையில் எல்லோருமே மாலையை விட ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருப்போம். உன்னை அளந்தது எப்போது? மாலையில் என்றால், நாளைக் காலை எழுந்தவுடன் அப்பாவை இன்னொரு தடவை அளக்கச் சொல். அதில் 125 வந்தால், அங்கே போனதும் வேறு எதையும் பார்க்காமல் முதலில் அந்த வரிசைக்கு ஓடு.