வாசகர் கேள்வி: வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்ல ராக்டால் பூனை

கேள்வி: அக்கா, பொண்ணு ராக்டால் பூனை வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அது எந்த ஊர்ப் பூனை, குணம் எப்படி? எங்களுது வீவக வீடு, பரவால்லையா?
- ஒரு வாசகி, தெம்பனிஸ்

பதில்: தாராளமா வளர்க்கலாம்மா, 2024 செப்டம்பர்லேர்ந்து வீவக வீட்ல ரெண்டு பூனை வரைக்கும் வச்சுக்கலாம், மைக்ரோசிப் போட்டு லைசென்ஸ் எடுத்துடணும். ராக்டால் அமெரிக்காப் பூனை, 1960கள்ல கலிஃபோர்னியாவுல ஆன் பேக்கர்ங்கிறவங்க ஜோசஃபின்னு ஒரு வெள்ளைப் பூனையோட குட்டிங்கள வச்சு உருவாக்கினாங்க. குட்டி பிறக்கறப்ப வெள்ளையாத்தான் இருக்கும், போகப்போக மூஞ்சி, காது, கால், வால்னு நிறம் ஏறும், கண்ணு நல்ல நீலம், ஆண் பூனை 9 கிலோ கூட வரும், முழுசா வளரவே நாலு வருஷம் ஆகலாம்.

குணம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது! தூக்கினா நிறைய ராக்டால் உடம்ப அப்படியே தளர விட்டுடும், நாம போற ரூமுக்கெல்லாம் பின்னாடியே வரும், அதனால நாள் முழுக்க ஆள் இல்லாத வீட்டுக்கு வேணாம், பாவம் ஏங்கிடும். முடிய வாரத்துல ரெண்டு மூணு தடவ சீவுங்க. ஜன்னலுக்கு வலை கண்டிப்பா போடுங்க. இந்த இனத்துல பரம்பரையா இதயத் தசை தடிச்சுப்போற நோய் வரும், அதனால வாங்குறதுக்கு முன்னாடி தாய், தகப்பன் பூனைக்கு மரபணு டெஸ்ட் எடுத்த ரிப்போர்ட்ட கேட்டு வாங்கிப் பாருங்கம்மா.