தனுஷ்கோடி: செத்த ராத்திரியை மட்டும் கேட்பவர்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் தனுஷ்கோடி போயிருந்தோம். இடிந்து கிடக்கும் ரயில் நிலையத்தைப் பார்த்ததும் மனசு கனத்துப்போனது. 1964 புயலில் ரயிலோடு போனவர்கள் எத்தனை பேர்? புதிய பாம்பன் பாலம் வந்துவிட்டதே, இனி அங்கே ரயில் ஓடுமா? ராத்திரியில் அந்த ரயில் சத்தம் கேட்கும் என்கிறார்களே, உண்மையா?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

சத்தம் யூட்யூப்காரர்களுக்கு மட்டும்தான் கேட்கும், விடுங்கள். செத்தவர்கள் கணக்கை ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். தனுஷ்கோடிக்குப் புது ரயில் பாதை போட 2019இல் அடிக்கல் நாட்டியதோடு சரி.

மனசு கனத்தது என்றீர்களே, அது எனக்குப் பிடித்தது. கூடவே கோபமும் வந்தது. 1914இலிருந்து ஐம்பது வருஷம் உயிரோடு இருந்த நிலையம் அம்மா அது! அது செத்த ராத்திரியைத் தவிர வேறெதையும் ஒருவரும் கேட்பதில்லை. சென்னையிலிருந்து போட் மெயில் என்ற ரயிலில் வந்து இறங்கிக் கப்பல் ஏறினால் சிலோனின் தலைமன்னார். கோட்டு போட்ட துரைமார் மட்டுமா ஏறினார்கள்? ஆள்பிடிக்கும் கங்காணி பின்னால் பிள்ளைகுட்டியோடு தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களும் இதே வழிதான். மண்டபத்தில் சிலோன் அரசாங்கம் நடத்திய முகாமில் அடைத்துவைத்து, நோய்நொடி இல்லை என்று பார்த்த பிறகே அனுப்புவார்கள். 1939இல் இந்திய அரசு தடைபோடும்வரை இந்த ஆள்பிடிப்பு நடந்தது.

எங்கள் தெருவில் ஒரு சிலோன்காரப் பாட்டி இருந்தார். அவர் சுருக்குப்பையில் வெற்றிலைக்கு அடியில் காசளவில் ஒரு தகரவில்லை கிடக்கும். அவருடைய தாத்தாவைத் தோட்டத்துக்கு அனுப்பும்போது கழுத்தில் கட்டிவிட்டதாம். தோட்டத்துக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு எண். ஓரமெல்லாம் துருவேறியும் எண்கள் விரலில் தட்டுப்படும். பெயர் கிடையாது.

1964 அக்டோபர் 30இல் சிலோன், இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். அந்தத் தோட்டத்து மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்து. அவர்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 ராத்திரி புயல். தாத்தா கப்பலேறிய துறை பேத்தி திரும்பும்போது இல்லை. பாட்டி ராமேஸ்வரத்தில்தான் வந்து இறங்கினார். சொந்த ஊர் எது என்று கேட்ட அதிகாரியிடம் தோட்டத்தின் பெயரைச் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறார். அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நீங்கள் திண்டுக்கல்காரர். சிலோனிலிருந்து அப்படி வந்தவர்கள் பக்கத்திலேயே, கொடைக்கானல் மலையில் இருக்கிறார்கள். இடிந்த சுவரைப் பார்க்க அத்தனை தூரம் போன நீங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் பஸ் ஏறி அவர்களிடம் பேசிவிட்டு வாருங்கள். கேட்டதை எழுதி அனுப்பினால் இங்கேயே போடுகிறேன். செல்ஃபி வேண்டாம்.