போனில் கேட்டால் பியானோவின் பாஸ் ஏன் மெலிகிறது?

கேள்வி: என் மகள் ஒரு போட்டிக்காக கிராண்ட் பியானோ வாசித்துப் பதிவு அனுப்ப வேண்டும். ஒரே மாடலில் இரண்டு கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும்) மைக் வாங்கினோம். பியானோ மூடியைத் திறந்து ஒன்றை பாஸ் தந்திகளுக்கு மேலும் இன்னொன்றை ட்ரெபிள் தந்திகளுக்கு மேலும் நெருக்கமாக வைத்தோம். ஹெட்போனில் பிரமாதமாக இருக்கிறது. போனில் போட்டால் பாஸ் மெலிந்துவிடுகிறது. நடுவில் சில சுரங்கள் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கின்றன. பதிவுசெய்து தர வந்தவர் குறைந்தது ஆறு மைக் வேண்டும் என்கிறார். மைக் வைக்கும் முறைக்கு எக்ஸ்-ஒய், ஏ-பி, ஓஆர்டிஎஃப் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்: ஆறு மைக் வேண்டாம். உங்களிடம் இருக்கும் இரண்டே போதும், வைத்திருக்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் பியானோவுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவாருங்கள். மூடியை நீளக் குச்சியில் முழுதாகத் திறந்து நிறுத்துங்கள். பியானோவின் உடல் உள்வாங்கி வளைகிற இடத்துக்கு எதிரே, ஒன்றரை மீட்டர் தள்ளி, ஒரே ஸ்டாண்டில் இரண்டு மைக்கையும் பொருத்துங்கள். அவற்றின் முனைகளுக்கு நடுவே 17 செ.மீ., இரண்டும் வெளிப்பக்கமாக விரிந்து 110 டிகிரி. பிரெஞ்சு வானொலி வழக்கில் கொண்டுவந்த இந்த அமைப்புக்குத்தான் ஓஆர்டிஎஃப் என்று பெயர். உயரம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலே, திறந்த மூடியின் நடுப்பகுதி அளவுக்கு. ஹேமர்கள் தந்தியில் அடிக்கும் வரிசையை ஜோடியின் மையம் பார்க்க வேண்டும்.

போனில் நடப்பது இதுதான். போனில் ஒரே ஸ்பீக்கர் இருந்தால் இடது, வலது இரண்டும் ஒன்றாகக் கூட்டப்பட்டு மோனோ ஆகிவிடும். இரண்டு இருந்தாலும் அவை அவ்வளவு அருகருகே இருப்பதால் பலன் ஏறக்குறைய அதேதான். உங்கள் மைக்குகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒரு சுரம் ஒரு மைக்கை முதலில் அடைந்து, இன்னொன்றை சற்றுத் தாமதமாக அடைகிறது. ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். இரண்டு தூரங்களுக்கும் அந்த அளவு வித்தியாசம் இருந்தால், இரண்டையும் கூட்டும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஒலி குறையும். ஒவ்வொரு சுரத்துக்கும் இந்தத் தூர வித்தியாசம் வேறு என்பதால் ஒவ்வொன்றும் வேறுவிதமாகக் கெடுகிறது. ஒரு சுரம் நிறைவாகவும் பக்கத்துச் சுரம் வெறுமையாகவும் கேட்பது அதனால்தான்.

பாஸ் கதையும் இதிலேயே அடங்கும். பியானோவின் அடிச் சுரம் 27.5 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கர் அதன் பக்கமே போகாது. கீழ்ச் சுரங்களின் மேல் ஒலிகளை மட்டும் கேட்டு, அடிச் சுரத்தை நம் காதே ஊகித்துக்கொள்கிறது. அந்த மேல் ஒலிகள்தான் மோனோவில் அடிபடுகின்றன. இதையெல்லாம் நம்புவதற்கு முன் ஒரு சோதனை: எடிட் செய்யும் மென்பொருளில் ஒரு சேனலின் ஒலி அலையை மட்டும் தலைகீழாக்கும் (இன்வெர்ட்) பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டு மோனோவில் கேளுங்கள். பாஸ் சட்டென்று நிறைந்து வந்தால் கேபிள் ஒன்றில் முனைகள் மாறியிருக்கின்றன. கேபிளை மாற்றிவிட்டுப் பிறகு மற்றதைப் பேசலாம்.

இப்போது அந்தப் பெயர்களுக்கு வருகிறேன். எக்ஸ்-ஒய் என்றால் இரண்டு மைக்கின் முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று, 90 டிகிரி கோணத்தில். தாமதமே இல்லாததால் மோனோவில் எதுவும் கெடாது. ஆனால் அதே ஒன்றரை மீட்டரில் பியானோ நடுவில் சுருங்கி உட்கார்ந்துவிடும். அறையின் விசாலமும் கேட்காது. ஏ-பி என்றால் எல்லாத் திசையிலும் ஒலியைப் பிடிக்கும் இரண்டு ஓம்னி மைக், 40 முதல் 60 செ.மீ. இடைவெளி. நல்ல கூடத்தில் பியானோவின் அடிவயிற்று ஒலியை அதுபோல் எதுவும் தராது. கூடம் நன்றாக இருந்து ஓம்னியும் கையில் இருந்தால் நான் முதலில் கைவைப்பது அதில்தான். உங்களிடம் இருப்பது கார்டியாய்டு. அதைத் தள்ளி வைத்தால் பாஸ் கொஞ்சம் குறைவது அதன் இயல்பு. ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 டெசிபல் ஏற்றிக்கொள்ளலாம், அதற்குமேல் வேண்டாம். ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை, எம்-எஸ் (மிட்-சைடு) என்ற முறை இரண்டுக்கும், முன்னும் பின்னும் ஒலியைப் பிடிக்கும் '8' வடிவ மைக் தேவை. அவற்றை விட்டுவிடுங்கள்.

ஓஆர்டிஎஃப்பும் மோனோவில் முழுச் சுத்தம் இல்லை. 17 செ.மீ. சின்ன இடைவெளி என்பதால் தாமதம் அரை மில்லி செகண்டைத் தாண்டாது. கேட்பவருக்கு நிறம் லேசாக மாறும், சுரம் காணாமல் போகாது. ஹெட்போனில் விரிவும் கிடைக்கும். போட்டி நடுவர் எதில் கேட்பார் என்று தெரியாத நிலையில் இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை.

"மூன்றுக்கு ஒன்று" என்ற விதியையும் யாராவது உங்களிடம் கொண்டுவருவார்கள்: மைக்குக்கும் தந்திக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு இடைவெளி இரண்டு மைக்குக்கும் நடுவே வேண்டும் என்று. அது வெவ்வேறு ஆட்களுக்குத் தனித்தனி மைக் வைத்து ஒன்றாகக் கலக்கும்போது சொல்லப்படுவது. ஒரே வாத்தியத்தின் முன் வைக்கும் ஸ்டீரியோ ஜோடிக்கு அது பொருந்தவே பொருந்தாது. இந்த ஒரு விதியைத் தவறாகப் படித்ததால் பாழான பியானோ பதிவுகளைக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

ஆறு மைக்காரரைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். மைக் எண்ணிக்கையை வைத்துத் தொகை கேட்பவரிடம் கவனமாக இருங்கள். தனிப் பியானோவுக்கு மைக் கூடக்கூடத் தாமதங்களும் கூடும், கலக்கும் வேலையும் கூடும், அதற்குத் தனிக் கட்டணமும் வரும். நல்ல பதிவாளர் முதலில் கூடத்தில் நடந்து கைதட்டிக் கேட்பார். பியானோவை ட்யூன் செய்தாயிற்றா என்று விசாரிப்பார். "மேட்ச்ட் பேர்" என்று ஸ்டிக்கர் ஒட்டி கூடுதல் விலை சொல்பவர்களும் அப்படியே. ஜோடி ஒத்துப்போவது முக்கியம்தான், அதை ஸ்டிக்கர் நிரூபிக்காது. இரண்டு மைக்கையும் முனையோடு முனை ஒட்டி வைத்து, எதிரே நின்று பேசிப் பதிவுசெய்யுங்கள். ஒலி அளவைச் சமமாக்கி, ஒரு சேனலைத் தலைகீழாக்கி மோனோவில் கேளுங்கள். குரல் ஏறக்குறைய மறைந்துவிட்டால் அது ஜோடி.

போட்டி நடத்துபவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. "தரமான ஒலிப்பதிவு" என்று ஒரு வரி எழுதிவிட்டு, எடிட் கூடுமா, எதிரொலி சேர்க்கலாமா, தனியாகப் பதிந்த ஒலியை வீடியோவோடு இணைக்கலாமா என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் மாதக்கணக்கில் உழைத்த வாசிப்பு இந்த அலட்சியத்தில் அடிபடுகிறது. அவர்களுக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீடியோ கேமராவின் ஒலியையே அனுப்பச் சொன்னால், ஒலி அளவைத் தானே ஏற்றி இறக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். மெதுவாக வாசித்ததும் பலமாக வாசித்ததும் ஒரே அளவாகிவிட்டால் நடுவர் எதை மதிப்பிடுவார்?

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் வீட்டில் அதுதான் நிலைமை. அறை சிறியது, கூரை தாழ்வு, சுவர்கள் வெறுமை என்றால் ஒன்றரை மீட்டரில் வைத்த மைக் பியானோவைவிட அறையையே அதிகம் கேட்கும். அங்கே மட்டும் மைக்கை மறுபடி மூடிக்கு அடியில் கொண்டுபோகலாம். ஆனால் நீங்கள் முன்பு வைத்ததுபோல் இரண்டு ஓரங்களில் வேண்டாம். எக்ஸ்-ஒய் ஜோடியாக, தந்திகளுக்கு மேலே 30 முதல் 40 செ.மீ. உயரத்தில், ஹேமர் வரிசையிலிருந்து ஒரு சாண் வால்பக்கமாக (விசைப்பலகைக்கு எதிர்முனைப் பக்கமாக) தள்ளி, நடுவில் வையுங்கள். ஹேமருக்கு நேர் மேலே வைத்தால் தட்டும் சத்தம்தான் மிஞ்சும். நெருக்கத்தில் பியானோ போதுமான அகலம் என்பதால் எக்ஸ்-ஒய் சுருங்கிப் போகாது. பியானோவைச் சுவருக்கு இணையாக வைக்காமல் சற்றுச் சாய்த்துத் திருப்புங்கள், மூலையிலிருந்து இழுத்துவிடுங்கள். மூடி திறக்கும் பக்கத்துச் சுவரில் கனமான கம்பளியைத் தொங்கவிடுங்கள். மெல்லிய திரைச்சீலை மேல் ஒலிகளை மட்டும் விழுங்கி நடு ஒலியை விட்டுவிடும், அதை நம்பாதீர்கள். அப்போதும் ஒரு சுரம் மட்டும் உறுமினால் மைக்கை நகர்த்தாதீர்கள், பியானோவை அரை மீட்டர் நகர்த்துங்கள். எதிரொலி சேர்க்க அனுமதி இருந்தால் மட்டும் பிறகு கொஞ்சம் சேர்க்கலாம்.

பெரிய அறையானால் நிதானமாக இடம் தேடுங்கள். ஸ்டாண்டை விசைப்பலகைப் பக்கம் நகர்த்தினால் கூர்மை கூடும், வால்பக்கம் நகர்த்தினால் மென்மை கூடும். 20 செ.மீ. நகர்த்தினாலே தெரியும். ஒவ்வொரு இடத்திலும் மிக மெதுவான பகுதியும் மிகப் பலமான பகுதியும் கொஞ்சம் வாசிக்கச் சொல்லி, ஹெட்போனிலும் போனிலும் கேளுங்கள். பலமான இடத்தில் ஒலி அளவு காட்டும் மீட்டர் உச்சத்துக்கு 10 டெசிபல் கீழேயே நிற்கட்டும். பிடித்த இடம் கிடைத்ததும் ஸ்டாண்ட் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். ட்யூனரை பதிவு நாளன்று காலையிலேயே வரவழையுங்கள். கூடத்தை வாடகைக்கு எடுத்தால் அதில் ட்யூனிங் அடங்கியிருக்கும் என்று நினைக்காதீர்கள், கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஆறு மைக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் சண்டை வேண்டாம். அவர் விரும்பியபடி வைக்கட்டும். நான் சொன்ன ஜோடியும் அதில் ஒன்றாக இருக்க வேண்டும், ஒவ்வொரு மைக்கும் தனித்தனி ட்ராக்கில் பதிய வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். அன்று கிளம்புமுன் அந்த இரண்டு ட்ராக்கையும் 24 பிட் ஃபைலாக உங்கள் கைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.