பொய் நம்பர் கொடுத்தால் தொல்லை தீருமா?

கேள்வி: கோத்தகிரியில் மூன்று அறை ஹோம்ஸ்டே நடத்துகிறோம். தெரிந்த பையன் மூலமாகப் போன மாதம் டாட் காம் முகவரி வாங்கினோம். மறுநாளே ஆரம்பித்தது: "வெப்சைட் செய்து தரட்டுமா, லோகோ போடட்டுமா" என்று ஓயாமல் போன். பதிவில் உள்ள செல் நம்பரையும் வீட்டு விலாசத்தையும் மாற்றி, ஏதாவது பொய்யாகக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. வாசலில் பெயர்ப்பலகை மாட்டாமல் இருக்கலாம். பத்திரத்தில் பொய்ப் பெயர் எழுதக் கூடாது. டொமைனை, அதாவது உங்கள் டாட் காம் முகவரியை, விற்ற நிறுவனத்திடம் உண்மை விவரம் இருந்தாக வேண்டும் என்பது, இணைய முகவரிகளுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் விதி. விவரம் தப்பு என்று யாராவது புகார் செய்து, நிறுவனம் கேட்டும் 15 நாளில் நீங்கள் பதில் தராவிட்டால் தளத்தை முடக்கிவிடலாம்.

பதிவு விவரத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்க முடிவதால்தான் இந்தப் போன்கள். ஊர் கண்ணிலிருந்து மறைக்க, அந்த நிறுவனத்தில் உள்ள உங்கள் கணக்கில் 'பிரைவசி' என்று இருப்பதை ஆன் செய்தால் போதும். 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் அமலானபின் பல நிறுவனங்கள் தாமாகவே மறைக்கின்றன. சில, ஐரோப்பியரை மட்டும் மறைத்துவிட்டு நம்மை நடுத்தெருவில் நிறுத்துகின்றன. ஏற்கெனவே போன நம்பர் போனதுதான்; அழைப்புகள் சில மாதம் வரும், பிளாக் செய்யுங்கள்.

டாட் இன் முகவரி என்றால் கதை வேறு. அதை நடத்தும் நிக்சி, பிரைவசி சேவையையே அனுமதிப்பதில்லை. வேறொருவர் பெயரை முன்னால் நிறுத்துவதும் ஆகாது. பயப்படவும் வேண்டாம், தேடுவோருக்கு உங்கள் போன் நம்பரைக் காட்டுவதில்லை. ஆகவே "டாட் இன்னுக்கும் பிரைவசி போட்டுத் தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால், இல்லாத சரக்கை விற்கிறார். இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் பணம் கட்டிவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்.

எனக்குக் கவலை உங்கள் போன் அல்ல, அந்தப் பையன். குன்னூரில் டீத்தூள் விற்கும் ஒருவருடைய டொமைன், டிசைன் செய்த பையன் பெயரில், அவன் மெயிலில் இருந்தது. புதுப்பிக்கச் சொல்லும் மெயில்கள் எல்லாம் அவனுக்கே போயின. அவன் பெங்களூரு போய்விட்டான். மே மாதம், மலர்க் கண்காட்சிக் கூட்டம் ஊட்டியில் நிற்கும்போது, தளத்தைத் திறந்தால் யாரோ ஒருவர் விளம்பரம். கடைக்காரர் கையில் இருந்தது 'வெப்சைட் வேலை' என்று எழுதிய ஒரு துண்டு பில் மட்டும். நிறுவனத்துக்கு எழுதினோம். "உரிமையாளரின் மெயிலிலிருந்து எழுதவும்" என்று பதில். அந்த மெயில் எங்களிடம் இல்லை என்றுதானய்யா எழுதுகிறோம்! காலாவதியான டாட் காமை நிறுவனம் நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அபராதத்தோடு. ஆனால் மீட்கும் உரிமையும் பதிவில் பெயர் இருப்பவனுக்கே.

அழைப்பு உங்களுக்கு வருவதால் நம்பர் உங்களுடையதுதான். பெயரும் மெயிலும்? இன்றைக்கே கணக்கைத் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு அந்தப் பையனிடம்தான் இருக்கிறது என்றால், போன் தொல்லை கிடக்கட்டும், முதலில் அவனைப் பிடியுங்கள்.