அந்த இடத்தில் ‘இறுமாப்பாக’ என்று எழுதுங்கள்

உங்கள் மலையகத் தேயிலைத் தோட்டக் கதையில் ஆசிரியர் ‘மிடுக்காக’ என்ற சொல்லுக்கு வட்டம் போட்டிருக்கிறார், அங்கே ‘மிடுக்காக’வா ‘இறுமாப்பாக’வா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டியது ‘இறுமாப்பாக’. “பெரட்டுக்களத்தில் துரை ஆட்களிடம் மிடுக்காகப் பேசினார்” என்றால், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் களத்தில் அது துரைக்கு, அதாவது தோட்ட நிர்வாகிக்கு, பாராட்டாகிவிடும். ஆசிரியர் வட்டம் போட்டது அதனால்தான் இருக்கும்.

இரண்டிலும் நிமிர்ந்த தோற்றம் இருப்பதால் குழப்பம் வருகிறது. மிடுக்கு தன் கம்பீரத்தோடு நின்றுவிடும். இறுமாப்புக்குத் தாழ்வாக நினைக்க எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

அந்த இடத்தில் ‘எதிரில் இருப்பவரை மதிக்காமல்’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள். பொருந்தினால் சரி, இறுமாப்பாகத்தான். கூடை நிறையக் கொழுந்தோடு நிறுக்க வரும் அக்கா நடப்பது மிடுக்காக. அவரைப் போய் இறுமாப்பு என்று எழுதிவிடாதீர்கள்!

அப்புறம், பழைய பாட்டுகளில் இந்தச் சோதனை செல்லாது. அப்பர் தேவாரத்தில் ‘இறுமாந்திருப்பன் கொலோ’ என்பது சிவனடி சேர்ந்த பெருமிதம், அதில் பழிப்பே இல்லை.