மேனேஜரிடம் ‘பார்க்கிறேன் சார்’ என்று சொல்லாதீர்கள்

கேள்வி: கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடியே கோவை மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கான பசுந்தேயிலைக் கணக்கு மென்பொருள் எங்களுடையது. மழையில் நனைந்த இலைக்கு ஈரத்துக்காக எடையில் கழிவு பிடிக்கும் வசதியைச் சேர்க்க மூன்று வாரம் கேட்டேன். ‘ஒரு கட்டம் சேர்க்க இத்தனை நாளா? வெள்ளிக்கிழமை வேண்டும்’ என்கிறார் மேனேஜர். மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயம். 50,000 ரூபாய் கட்டினால் வேறு வேலை வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சிக்காரர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பணத்தை இன்னும் கட்டவில்லை என்று நம்புகிறேன். கட்ட வேண்டாம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

மேனேஜர் கண்ணுக்குத் தெரிவது திரையில் ஒரு கட்டம். 100 கிலோ இலைக்கு 5 சதவீதம் கழித்தால் எடைச் சீட்டில் 95 வர வேண்டும். மாதக் கணக்கிலும் அதே 95 வர வேண்டும். முன்பணம், உரக்கடன் பிடித்தது போக வங்கிக்குப் போகும் தொகை மாறும், விவசாயிக்குப் போகும் எஸ்எம்எஸ் மாறும். ஏற்கெனவே போட்ட சீட்டுகள் மட்டும் மாறவே கூடாது. ஓரிடம் பிசகினாலும் அரை ஏக்கர் வைத்திருப்பவரின் பணம் குறையும்.

இதை வாயால் சொல்லியிருப்பீர்கள். எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு வேலையையும் இரண்டு நாளுக்கு மேல் போகாத துண்டுகளாகப் பிரித்து, எதிரே நாளைப் போடுங்கள். சோதிப்பதற்குத் தனி வரி. ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்ட் போகும் நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு கேள்வி: ‘வெள்ளிக்கிழமைக்குள் எடைச் சீட்டு முடியும். மாதக் கணக்கும் வங்கித் தொகையும் மூன்றாம் வாரம். இப்படித் தரட்டுமா, இல்லை எல்லாம் சேர்ந்து மூன்றாம் வாரம் வரட்டுமா?’ தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவருடையதாகிவிடும்.

‘பார்க்கிறேன் சார்’ மட்டும் வேண்டாம். நம் ஊரில் அது மரியாதையான மறுப்பு. மேனேஜருக்கு அது சம்மதம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில தேதிகள் யாராலும் தள்ள முடியாதவை. ஜிஎஸ்டிஆர் 3பி என்ற ஜிஎஸ்டி வரிக் கணக்கை மாதாமாதம் தாக்கல் செய்யும் தொழிற்சாலைக்கு 20ஆம் தேதி கெடு, தாண்டினால் தாமதக் கட்டணமும் வட்டியும். அங்கே தேதியோடு மல்லுக்கட்டாதீர்கள், வேலையைக் குறைக்கச் சொல்லுங்கள். வரித்தொகை சரியாக வந்தால் போதும், வண்ண வரைபடங்கள் அடுத்த மாதம் வரட்டும். ஆனால் எல்லா மேனேஜரும் தன் தேதி இந்த வகைதான் என்பார். ‘அந்த நாள் தாண்டினால் யாருக்கு என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். அபராதம், சட்டம் என்று பதில் வந்தால் அது நிஜக் கெடு. ‘கிளையண்டிடம் சொல்லிட்டேன்’ என்றால், ஆர்டர் பிடிக்க யாரோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். செய்பவரைக் கேட்காமல் தேதி கொடுத்தவருக்கு இன்சென்டிவ். ராத்திரி இரண்டு மணிக்கு அதைச் சரிசெய்தவருக்கு அப்ரைசலில் ‘நேர மேலாண்மை போதாது’. இருபது வருடமாக இதையே பார்க்கிறேன்.

சரி, கன்சல்டன்சி. ஒழுங்காக ஆள் பிடித்துத் தருபவர் தன் கட்டணத்தை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்திடம்தான் வாங்குவார். உங்களிடம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அனுபவச் சான்றில் இரண்டு வருடம் கூட்டித் தருகிறேன் என்பார்கள். நீங்கள் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள் என்பது வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்ணான யூஏஎன் கணக்கில் பதிவாகியிருக்கிறது, புது நிறுவனம் அதைப் பார்த்துவிடும். ஒரிஜினல் சான்றிதழ் கேட்டால் காட்டிவிட்டுக் கையோடு எடுத்து வாருங்கள். எனக்குத் தெரிந்த குன்னூர்ப் பையன் ஒருவன் டிகிரி சான்றிதழைக் கொடுத்துவிட்டு எட்டு முறை கோவைக்குப் பஸ் ஏறினான். எட்டாவது முறை போனபோது அந்த மாடியில் தையல் கடை இருந்தது.

மெயிலை இன்றைக்கே அனுப்புங்கள். மேனேஜர் போனில் பதில் சொன்னால், ‘நீங்கள் போனில் சொன்னபடி’ என்று தொடங்கி இரண்டு வரி எழுதி அவருக்கே திரும்ப அனுப்புங்கள். வேலையை விடுவதென்றால் அடுத்த நிறுவனத்தின் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு விடுங்கள். அதற்கு முன், நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று உங்கள் பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள்.