முடித்தேனா, முடித்திருக்கிறேனா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலைக்கான விண்ணப்பத்தில் 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர் 'ஹேவ்'வை அடித்துவிட்டார். '2019இல் பட்டப்படிப்பை முடித்திருக்கிறேன்' என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் மட்டும் ஏன் கூடாது?

க.

அன்புள்ள க.,

நண்பர் அடித்தது சரி. உங்கள் தமிழும் சரி. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

நம்முடைய 'இருக்கிறது' முடிந்துபோன காலத்தைக் காட்டும் சொல்லோடும் ஒத்துப்போகும். காலையில் வாசல் நனைந்திருப்பதைப் பார்த்து 'ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறோம். பெய்தபோது பார்க்கவில்லை, ஈரத்தை வைத்துச் சொல்கிறோம் என்பதும் அந்த 'இருக்கிறது'க்குள் அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தின் 'ஹேஸ் ரெய்ன்ட்' இந்த ஊகத்தைச் சுமக்காது, 'லாஸ்ட் நைட்'டோடும் சேராது. 'இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்றுதான் எழுத வேண்டும். ஊகம் தெரிய வேண்டுமானால் 'இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்'.

எனவே வினையைத் தொடுவதற்கு முன் காலச் சொல்லைத் தேடுங்கள். 'யெஸ்டர்டே', 'டூ இயர்ஸ் அகோ', 'இன் 2019' என்று முடிந்துபோன காலம் கண்ணில் பட்டால், முன்னால் 'மஸ்ட்' போன்ற சொல் இல்லாமல் ஹேவ் வராது. 'வென்' என்று கேட்பதும் அந்த வகைதான்: 'வென் ஹேவ் யூ கம்?' தவறு, 'வென் டிட் யூ கம்?' சரி. உங்கள் வாக்கியத்தில் ஆண்டை எடுத்துவிட்டால் 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி' பழுதில்லாதது. பட்டம் இப்போது கையில் இருக்கிறது என்று பொருள். ஆண்டு வேண்டுமென்றால் 'ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019'.

'திஸ் மார்னிங்' பலரையும் ஏமாற்றும். காலை 10 மணிக்கு 'ஐ ஹேவன்ட் சீன் ஹிம் திஸ் மார்னிங்' என்பீர்கள். மாலை 4 மணிக்கு அதையே 'ஐ டிடன்ட் சீ ஹிம் திஸ் மார்னிங்' என்று மாற்ற வேண்டும், ஏனென்றால் காலை முடிந்துவிட்டது.

('ஐ ஜஸ்ட் ஏட்' என்று அமெரிக்கர்கள் ஹேவ் இல்லாமல் பேசுவார்கள். அது அவர்கள் வழக்கில் பிழையில்லை.)

விண்ணப்பம் என்பதால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். 'ஐந்து வருடமாக இங்கே வேலை செய்கிறேன்' என்பதில் தமிழுக்கு நிகழ்காலமே போதும். அதை அப்படியே கொண்டுபோய் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதுகிறார்கள். 'ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்பதே சரி. இங்கே ஹேவ் விடுபட்டால், படிக்கிறவர் நீங்கள் அந்த வேலையை விட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வார்.